எருக்கம் பஞ்சு பறக்கும் திசை

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இன்று காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வானொலியில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார். வில்லும் மானும் என்றேன். கணக்குப்பிள்ளைக்கு அதில் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. பார்த்த பார்வையில் தெரிந்தது. வேலை ஒன்றும் இல்லைதான். சிலருக்குத் தூண்டில், சிலருக்குச் சீட்டு. எனக்கு மூங்கில் வில். வீட்டுக்குப் பின்னால் மேட்டுப்பாளையத்து வைக்கோலை இறுக்கிக் கட்டி வைத்து, விடிந்ததும் 20 அம்பு எய்துவிட்டுத்தான் காபி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மானையும் கொன்றதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் உரிமம் வாங்கி வேட்டையாட மிச்சமிருந்த வழியை 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. காட்டுக்குள் வில்லோடு போனாலே குற்றம். இதைக் கேட்டுவிட்டு எந்தத் தம்பியாவது வில்லைத் தூக்கிக்கொண்டு சோலைக்குள் போனால், அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் விரும்பவில்லை, போகாதீர்கள்.

ஆனால் வில் வேட்டையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இங்கே அல்ல, அமெரிக்காவில். மகன் மிச்சிகன் மாநிலத்தில் வேலையில் இருந்தபோது ஒரு டிசம்பர் மாதம் அங்கே போயிருந்தேன். அந்த ஊரில் மான் வேட்டைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வில்லுக்கு அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை. பிறகு துப்பாக்கிக்காரர்களுக்கு நவம்பர் மாதக் கடைசி வரை. டிசம்பர் பிறந்ததும் மறுபடி வில்லுக்கு ஒரு மாதம். அந்தக் கடைசி மாதத்தைத்தான் வில்லாளிகள் கடினம் என்கிறார்கள். இரண்டு வாரம் துப்பாக்கிச் சத்தம் கேட்ட மான், காய்ந்த இலை ஒன்று விழுந்தாலும் தலையைத் தூக்கும். மரங்கள் மொட்டையாகிவிடும், ஒளிய இடம் கிடையாது. அறுத்து முடித்த மக்காச்சோளக் காட்டில் சிந்திய மணிக்காக, இருட்டுவதற்கு அரை மணி முன்னால்தான் மான் வெளியே வரும்.

மகன் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவருக்கு 70 வயதுக்கு மேல் இருக்கும். தன் கையால் செதுக்கிய நீள வில் வைத்திருந்தார். குறி பார்க்கும் கருவி கிடையாது, கப்பி கிடையாது. இப்போது கடைகளில் விற்கும் வில்லில் இரண்டு முனையிலும் கப்பி இருக்கும். முழுக்க இழுத்த பிறகு பாரம் பெரும்பாலும் இறங்கிவிடும், நிதானமாகக் குறி பார்க்கலாம். பழைய வில்லில் அந்தச் சலுகை இல்லை. அவருடைய வில்லின் இழுவை ஏறத்தாழ 20 கிலோ. ஒரு சிப்பம் அரிசியில் கொஞ்சம் குறைத்து, அதை மூன்று விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கி, மான் திரும்புகிறதா என்று பாருங்கள். நான்கு நொடி தாங்கினால் பெரிது.

மைனஸ் 8 டிகிரி குளிரில் விழுந்த மரம் ஒன்றின் பின்னால் இருவரும் உட்கார்ந்தோம். நான் வாடகை யானை போலப் போர்த்தியிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்துக் காற்றில் விட்டார். வெள்ளையாக, மயிரிழையாக, ஒரு விதையைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதந்து போனது. நேயர்களே, அது என்ன என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் எருக்கம் பஞ்சு! அந்த நாட்டுச் செடி வேறுதான், ஆனால் எருக்கின் குடும்பம். உடைத்தால் அதே பால், காய் வெடித்தால் அதே பஞ்சு. சின்ன வயதில் மேட்டுப்பாளையம் ரயில் பாதை ஓரம் அதைப் பறக்கவிட்டுத் துரத்தியவன் நான். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான் அவர் அதைப் பையில் வைத்திருந்தார். தாள் கிழித்துப் போட்டால் கீழே விழும். புகை விட்டால் மானுக்கு மணக்கும். பஞ்சு 40, 50 அடி தூரம் போய், நடுவில் காற்று எங்கே மடங்குகிறது என்பதைக்கூடக் காட்டிவிடும். என் பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. அதைத் தூவிக் காட்டினேன். பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஆறு மான்கள் வந்தன. எல்லாம் பிணை. ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை என்று இரண்டு தனிச்சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது; நாம்தான் ஆண் மான், பெண் மான் என்று சொல்லி ஒப்பேற்றுகிறோம். முன்னால் வந்தது கிழட்டுப் பிணை. 14 எட்டு தூரத்தில் நின்றது. முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டு. எங்களைப் பார்க்கவில்லை, சந்தேகம்தான். இருக்கிறாயா, இருந்தால் அசை என்று கேட்கிற தட்டு அது. பெரியவர் வில்லைப் பாதி இழுத்திருந்தார். அப்படியே தளர்த்தி இறக்கிவிட்டார். மான்கள் போன பிறகு கையுறையைக் கழற்றி விரல்களைக் காட்டினார். நாண் இருப்பதே தெரியவில்லையாம். விரலுக்கு நாண் தெரியாவிட்டால் அம்பு போகும் இடமும் தெரியாது. அந்தப் பருவத்தில் அவர் எய்யவே இல்லை என்று பிறகு மகன் சொன்னான்.

14 எட்டுதானே, விட்டிருக்கலாமே என்று அன்றிரவு எனக்கும் தோன்றியது. கணக்குப்பிள்ளை புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்படிப்பட்ட வில்லின் அம்பு நொடிக்கு 50 மீட்டர் போகும். ஒலி நொடிக்கு 340 மீட்டர். 20 மீட்டர் தள்ளி நிற்கும் மானின் காதில் நாண் ஒலி விழ ஒரு நொடியில் 17இல் ஒரு பங்கு போதும். அம்பு போய்ச் சேர அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. இடைப்பட்ட நேரம் மானுடையது. ஓடுவதற்காக அது முதலில் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் கிழிக்கும். பாதி உயிரோடு மான் ராத்திரி முழுக்க அலையும். நாணில் மயிர்க் கொத்து கட்டி ஒலியை அடக்குவார்கள். அதைவிட நல்ல வழி இன்னும் நெருங்குவது. தூரத்தைக் கூட்டுகிறவன் நல்ல வில்லாளி என்று சினிமா சொல்லிக் கொடுத்துவிட்டது. தூரத்தைக் குறைக்கிறவன்தான் வில்லாளி. இதை இன்னொரு முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலை வல்வில் ஓரியை வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். பாட்டு அருமை. பரிசில் வாங்கப் போன இடத்தில் புலவர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஊர் திரும்பியதும் எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. வில் வேண்டாம், வெறுங்கையோடு நம் கடமானை எத்தனை எட்டு வரை நெருங்க முடியும்? தை மாதம்தான் அதற்கு நேரம். நம் ஊரில் உறைபனி எங்கே விழும் என்று கேரட் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் அடிவாரத்துப் புல்வெளி வெள்ளையாகக் கருகிக் கிடக்கும்போது, மேலே மேட்டுத் தோட்டம் பச்சையாக இருக்கிறது. புல் கருகியதும் கடமான் சோலை ஓரத்தை விட்டுத் தோட்டத்துக்கும் காய்கறிக் காட்டுக்கும் இறங்கும். மற்ற மாதத்தில் மூடுபனியில் மறையும் பிராணி, தையில் கண்ணுக்குப் படும்.

அப்படி ஒரு காலை ஆறரை மணி. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீர் வடியும் பள்ளத்தில் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருக்கிறேன். மேலே, சோலை ஓரத்தில் ஒரு கலை. கொம்பு முற்றிக் கறுத்திருந்தது. நுனி மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. நான் கீழே இருக்கிறேன். காற்று மேலிருந்து கீழே வழிகிறது. பையில் மேட்டுப்பாளையத்து எருக்கம் பஞ்சு. ஓர் இழை விட்டேன், என் முதுகுப் பக்கம் போனது. நல்லது. ஒரு செடி, ஒரு நிறுத்தம். காதைத் திருப்பினால் நான் கல். தலையைக் குனிந்தால் நான் ஆள். ஒரு மணி நேரத்தில் 30 எட்டு நகர்ந்திருப்பேன். 22 எட்டில் அதன் கண்ணுக்குக் கீழே உள்ள பிளவு விரிந்து மூடுவது தெரிந்தது.

அப்போது வெயில் சரிவைத் தொட்டது. மறுபடி ஓர் இழை விட்டேன். அது போகவில்லை. முகத்துக்கு எதிரே அப்படியே தொங்கியது. மூன்று மூச்சு நேரம். பிறகு மெல்ல, மேல் நோக்கிப் போகத் தொடங்கியது. மலைச்சரிவு சூடானால் காற்று ஏறும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பஞ்சு போய்ச் சேரும் முன்பே என் வாடை போய்விட்டது. கலை முன்னங்காலைத் தரையில் தட்டியது. மிச்சிகன் பிணை தட்டிய அதே தட்டு. வால் செங்குத்தாக நின்றது. "பாங்க்" என்று ஒரே ஒரு சத்தம். லாரி ஹாரன் காதருகே அடித்தது போல. கீழே கொழுந்து பறிக்க வந்துகொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். பள்ளத்திலிருந்து சேறும் இலையுமாக நான் எழுந்ததைப் பார்த்து, "ஐயா, என்ன தொலைத்தீர்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். மூக்குக்கண்ணாடி என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

வில் இருந்திருந்தாலும் எய்திருக்க முடியாது என்பதை அப்புறம்தான் உணர்ந்தேன். கம்பளிக் கோட்டின் கை அத்தனை தடிமன். நாண் கட்டாயம் அதில் உரசியிருக்கும். பனிக்கால வில்லாளி முழங்கைக்குக் கீழே துணியை இறுக்கிக் கட்டுவது அதற்காகத்தான். 22 எட்டு வரை போனேன். இன்னும் 8 எட்டு குறைத்திருக்க வேண்டும். தூரத்தைக் குறைப்பது என்று சொன்னேன் இல்லையா, அது இதுதான்.

கேரட் காட்டைச் சுற்றிச் சுருக்குக் கம்பி வைப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நஷ்டம் உண்மை, கோபம் நியாயம். ஆனால் வைத்துவிட்டு வீட்டில் தூங்குகிறவனுக்கு எதனோடும் நெருக்கம் கிடையாது. சுருக்குக்குக் கலையும் ஒன்று, குட்டியும் ஒன்று, பக்கத்து வீட்டு நாயும் ஒன்று. அதை வேட்டை என்று என் காதுபடச் சொல்லாதீர்கள்.

இதே மலையில் வேட்டையே ஆடாத தோடர்கள் வில்லை விடாமல் வைத்திருக்கிறார்கள். எருமை மேய்ப்பவர்கள், இறைச்சி உண்ணாதவர்கள். பெண் கருவுற்ற ஏழாம் மாதத்தில், குச்சியை வளைத்துச் செய்த சிறு வில்லும் புல்தண்டு அம்பும் அவளிடம் கொடுக்கும் சடங்கு அவர்களுடையது. அந்த வில்லைக் கொடுப்பவனே பிள்ளைக்குத் தந்தை. அந்த அம்பு எதையும் தைக்காது. இதைப் பற்றியே தனியாக ஓர் உரை பேசலாம், பேச அழைத்தால்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். வில் செய்வது எப்படி என்று நான்கு பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தேன். பெரியவரின் கதையில் நேரம் போய்விட்டது. அவசரமாகச் சொல்கிறேன். கல்மூங்கில், மூன்று வருடமாவது முற்றியது. மார்கழி கழிந்து தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள். உளுக்காது என்பது அவர்கள் நம்பிக்கை, எனக்கு இதுவரை உளுத்ததில்லை. நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். செதுக்குவது எல்லாம் உள்பக்கம்தான். வெளித்தோலில் கத்தி படவே கூடாது. வளையும்போது முழு இழுவையையும் தாங்குவது அந்தத் தோல். வில்லைப் பிடித்தால் அந்தப் பக்கம் இலக்கைப் பார்த்திருக்க வேண்டும். முதல் வில்லில் நான் அதைத் திருப்பி வைத்துவிட்டு, உடைந்த துண்டு நெற்றியில் பட்டு... சரி, ஒரு விரல் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.