இரத்த அழுத்தம் உள்ளவர் சுவாசிக்கும் காற்று

நேயர்களுக்கு வணக்கம். பிரஷர் இருக்கிறது என்று தெரிந்ததும் மருத்துவர்கள் சொல்வது அநேகமாக எல்லோருக்கும் மனப்பாடம். உப்பைக் குறையுங்கள், எடையைக் குறையுங்கள், நடங்கள், புகைக்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள். எல்லாம் சரிதான். ஆனால், "தினமும் எந்தச் சாலையில் போய் வருகிறீர்கள்? அதில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்?" என்று கேட்கும் மருத்துவர் அபூர்வம். இதயநோய் பார்க்கிறவன் என்ற முறையில், இந்தக் கேள்வியும் கேட்கப்பட வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

காற்று மாசு என்றதும் இருமல், ஆஸ்துமா, நுரையீரல் என்றுதான் நம் நினைப்பு ஓடுகிறது. கணக்கைப் பார்த்தால் வேறு கதை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-இல் வெளிப்புறக் காற்று மாசால் காலத்துக்கு முன்பே இறந்தவர்கள் உலகம் முழுவதும் சுமார் 42 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 68 சதவீதம் பேரின் உயிரை எடுத்தது மாரடைப்பு முதலான இதயநோயும் பக்கவாதமும். நுரையீரல் புற்றுநோயின் பங்கு வெறும் 4 சதவீதம்.

மூக்கு வழியே போவது இதயத்தை எப்படித் தாக்குகிறது? முக்கியக் குற்றவாளி, பி.எம். 2.5 என்று செய்திகளில் அடிபடும் நுண்துகள். குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாதது, அதாவது தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. டீசல் புகை, நிலக்கரி, விறகு, எரிகிற குப்பை, காட்டுத்தீ எல்லாவற்றிலிருந்தும் இது வருகிறது. பெரிய தூசு மூக்கிலும் தொண்டைச் சளியிலும் சிக்கி, தும்மலோடு வெளியே போய்விடும். இது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போகும்.

போய்ச் சேர்ந்த சிறிது நேரத்திலேயே நுரையீரலில் உள்ள நரம்புகள் உறுத்தலை உணர்ந்து, ஆபத்து நேரத்தில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலத்தைத் தட்டி எழுப்புகின்றன. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. அடுத்த சில மணி நேரங்களில் நுரையீரலில் தொடங்கும் அழற்சி இரத்தம் வழியாக உடல் முழுக்கப் பரவுகிறது. இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. துகள்களில் மிகமிகச் சிறியவை காற்றறையின் சுவரைத் தாண்டி நேராக இரத்தத்திலேயே கலந்துவிடும். இது வருடக்கணக்கில் நீடித்தால் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிவு வளர்கிறது. என்றோ ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் இரத்தம் கட்டினால் மாரடைப்பு.

இப்போது பிரஷர் உள்ளவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே விறைத்திருக்கின்றன. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு அவருக்குக் குறைவாகத்தான் சுரக்கிறது. வருடக்கணக்கில் அதிக அழுத்தத்துக்கு எதிராக உழைத்ததில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கலாம். தடித்த தசைக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. இந்த நிலையில் மேலும் குழாய் இறுகினால், அழுத்தம் ஏறினால், தாங்கும் சக்தி அவருக்கு மற்றவர்களைவிடக் குறைவு.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நெரிசல் நேரத்தில் சிலரைக் காரில் உட்கார வைத்து நகரத்தைச் சுற்றினார்கள். சில பயணங்களில் வெளிக்காற்று அப்படியே உள்ளே வந்தது. ஒரு பயணத்தில் மட்டும், நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி வழியாக வந்தது. எந்தப் பயணம் எது என்று உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது. வடிகட்டாத காற்றில் போனபோது ஒரு மணி நேரத்துக்குள் கீழ் எண், அதாவது டயஸ்டாலிக் அழுத்தம், சுமார் 4.7 புள்ளி கூடியது. மறுநாளும் அது இறங்கவில்லை. பங்கேற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்கள் இளவயதினர், ஆரோக்கியமானவர்கள்.

4.7 புள்ளி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மாத்திரையால் மேல் எண்ணை 5 புள்ளி குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகின்றன என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வந்த முடிவு. அது மேல் எண், இது கீழ் எண், நேராக ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் நாங்கள் மருந்தால் பாடுபட்டு இறக்கும் அளவை ஒட்டிய ஒன்றைச் சாலைப் புகை சத்தமில்லாமல் ஏற்றிவிடுகிறது.

இன்னொரு சோதனை. எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள், முன்பு மாரடைப்பு வந்து தேறிய 20 ஆண்களை ஓர் அறைக்குள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒருமுறை சுத்தமான காற்று, ஒருமுறை நீர்த்த டீசல் புகை. புகையில் மிதித்தபோது, இதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்ற அடையாளம் ஈ.சி.ஜி.யில் கூடுதலாகத் தெரிந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்க உடல் சுரக்கும் பொருளும் குறைந்தது. 2007-இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த பிறகு, பெருஞ்சாலை ஓரத்தில் உடற்பயிற்சிக்காக ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சரி, அதற்காக நடையை விட்டுவிடலாமா? கூடாது. இரத்த அழுத்தத்துக்கு நடை நல்ல மருந்து. இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். வண்டிப் புகையின் அளவு, பெரிய சாலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே நன்றாகக் குறைந்துவிடும். அடுத்த தெரு அமைதியாக இருந்தால் அங்கே நடங்கள்.

நேரம் பற்றி ஒரு விஷயம். விடியற்காலைக் காற்றுதான் சுத்தமானது என்று நம்புகிறோம். குளிர்காலத்தில் பல நாட்கள் அது உண்மையில்லை. இரவில் தரை குளிரும்போது அதையொட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல் உட்கார்ந்துகொள்ளும். புகைக்கு மேலே போக வழி இல்லை. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி கலையும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் இந்த மூடி கலையவே இல்லை. நிலக்கரிப் புகையில் நகரம் மூழ்கியது. முதலில் சுமார் 4,000 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். பிற்கால மதிப்பீடு 12,000 வரை போகிறது. இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. குளிரில் பிரஷர் இயல்பாகவே கொஞ்சம் ஏறும். அன்றாட மாரடைப்புகளும் காலை நேரத்தில்தான் அதிகம். மூன்றும் ஒரே வேளையில் கூடுவதால், பனியும் புகையும் கலந்த காலையில் பிரஷர் உள்ளவர் வெயில் வந்த பிறகு நடப்பதே மேல்.

காற்றின் தரத்தைக் காட்டும் செயலிகள் இப்போது கைப்பேசியிலேயே இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை. அதில் தெரியும் குறியீட்டு எண் (ஏ.க்யூ.ஐ.) வேறு, காற்றில் உள்ள நுண்துகளின் மைக்ரோகிராம் அளவு வேறு. குறியீட்டைக் கணக்கிடும் முறை நாட்டுக்கு நாடு மாறும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம் நுண்துகள், ஒரு நாள் சராசரியாக 15. இந்த அளவு அநேகமாக யாருக்குமே வாய்ப்பதில்லை. உலக மக்களில் 99 சதவீதம் பேர் பரிந்துரையைத் தாண்டிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

முகக்கவசம் உதவுமா? துணிக் கவசம் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது. என்95 வகை, மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்தினால், உதவும். பெய்ஜிங் நகரில் இதயநோய் உள்ள 98 பேரைக் கவசத்தோடு ஒருநாள், இல்லாமல் ஒருநாள் நடக்க வைத்துப் பார்த்தார்கள். கவசம் அணிந்த நாளில் இரத்த அழுத்தமும் குறைவு, ஈ.சி.ஜி. மாற்றங்களும் குறைவு. ஆனால் கவசம் அணிந்தால் மாரடைப்பே குறையும் என்று காட்டும் பெரிய ஆய்வு இன்னும் வரவில்லை. காரில் போகிறவர்கள் நெரிசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்காற்றே சுற்றும்படி பொத்தானை அழுத்துங்கள். நீண்ட பயணத்தில், சாலை காலியான இடத்தில் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் வருவோம். விறகு அடுப்போ சிகரெட்டோ, உள்ளே எரியும் எதுவும் நுண்துகளைக் கிளப்பும். சமைக்கும்போது புகை வெளியேற வழி இருக்க வேண்டும். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் ஹெபா வடிகட்டி உள்ளதாக, அறையின் அளவுக்குப் பொருந்துவதாக வாங்குங்கள். ஓசோன் விடும் கருவி வேண்டவே வேண்டாம், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல். சுத்திகரிப்பானை வாங்கி வைத்துவிட்டு மாத்திரையை மறக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில்: முதலில் மாத்திரை, அப்புறம்தான் மற்றதெல்லாம். புகைமூட்டமான நாளில் நீங்களாகவே ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வதும் தவறு.

2024 மதிப்பீட்டின்படி, உலகில் 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 140 கோடி பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்து, எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். அன்று புகைமூட்டமா, நெரிசலில் எவ்வளவு நேரம் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துப் போனால், அவர் கேட்காத கேள்விக்கும் அதில் பதில் இருக்கும்.

புகைமூட்டமான நாட்களில் நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால், தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று இருமல் மருந்தைக் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ அதே அவசரம்தான். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வணக்கம்.