காது கேட்காத டாக்டர், குழந்தைகளின் இதயத்தைக் கேட்டது எப்படி?

வணக்கம் நண்பர்களே! இதய டாக்டர் என்றதும் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்தான் நினைவுக்கு வரும். காது மந்தமான ஒருவர் இதய டாக்டராக இருக்க முடியுமா? இருந்தார். குழந்தைகள் இதய மருத்துவத்துக்கே அடித்தளம் போட்டவர் அவர். பெயர் ஹெலன் டாசிக்.

[திரையில்: டாசிக்கின் கறுப்பு வெள்ளைப் படம்]

1898-ல் அமெரிக்காவில் பிறந்தார். 11 வயதில் காசநோய்க்கு அம்மாவைப் பறிகொடுத்தார். எழுத்துகளைப் படிப்பதே சிரமமாகும் டிஸ்லெக்சியா வேறு. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களுக்குப் பட்டம் தராது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1927-ல் டாக்டரானார். 1930-ல் அங்கேயே குழந்தைகள் இதய கிளினிக்கின் பொறுப்பு. அந்தக் காலகட்டத்தில்தான் காது மங்கியது.

அப்புறம்? விரல்களால் கேட்டார்! குழந்தையின் நெஞ்சில் கையை வைப்பார். பூனை 'உர்ர்' என்று சுகமாகக் கிடக்கும்போது அதன் முதுகில் கை வைத்திருக்கிறீர்களா? இதயத்துக்குள் குறுகிய வழியில் ரத்தம் சீறிப் பாய்ந்தால் அதே மாதிரி அதிர்வு தோல் வரைக்கும் வரும். அதை வைத்தே கோளாறைக் கணிப்பார். எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

[திரையில்: இதய வரைபடம்]

அவரிடம் வந்தவர்களில் பலர் 'நீலக் குழந்தைகள்'. இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பு. ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் உடம்பெல்லாம் சுற்றும். உதடும் நகமும் நீலமாகும். கொஞ்சம் ஓடினாலே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இங்கேதான் டாசிக் ஒன்றைக் கவனித்தார். வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் இதயத்துக்கு வெளியே ஒரு சின்ன இணைப்புக் குழாய் உண்டு. பிறந்த சில நாளில் தானாக மூடிவிடும். மூடாவிட்டால் அது ஒரு குறை. ஆனால் நீலக் குழந்தைகளில் அந்தக் குழாய் மூடாதவர்கள் தேறியிருந்தார்கள். மூடியதும் நிலைமை மோசமானது. அந்தக் குழாய் வழியாகத்தான் நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போயிருக்கிறது. அப்படியானால் நாமே ஒரு குழாய் அமைத்தால் என்ன?

இப்படிப்பட்ட குழாயை மூடும் அறுவை சிகிச்சையில் பெயர்பெற்ற பாஸ்டன் நிபுணரிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். 1941-ல் ஹாப்கின்ஸுக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஆல்ஃபிரட் பிளேலாக் சம்மதித்தார். நாய்களிடம் அந்த முறையைச் செய்து செய்து கைப்பழக்கமாக்கியவர் அவருடைய ஆய்வகத்தில் வேலைபார்த்த விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், மருத்துவப் படிப்பே படிக்காதவர். 1944 நவம்பர் 29, 15 மாதக் குழந்தைக்கு முதல் அறுவை. பிளேலாக்கின் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று வழி சொன்னவர் தாமஸ்தான். கைக்குப் போகும் ரத்தக்குழாயைத் திருப்பி நுரையீரல் குழாயோடு தைத்தார்கள். பல ஆண்டுகள் அதற்கு பிளேலாக், டாசிக் பெயர்கள் மட்டுமே. தாமஸை விட்டது பெரிய அநியாயம். 1976-ல்தான் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது.

முதல் குழந்தை தேறியது, ஆனால் மூன்று வயதைத் தொடவில்லை. மூன்றாவதாக வந்தவன் ஆறு வயதுப் பையன். மேஜையில் இருக்கும்போதே, ரத்தக்குழாயை இறுக்கிப் பிடித்திருந்த கிடுக்கியை எடுத்ததும், நீலமாய் இருந்த அவன் உதடு சிவந்தது.