கதை போதும் அன்ரி, வழி சொல்லுங்கோ

வணக்கம் நேயர்களே. கொழும்பில் தமிழ் பேசும் திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர் மத்தியில் அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், நடையில் உடையில் இன்னொரு சந்தேகம் என்று சோதனைச்சாவடியை இரட்டைப் பயத்தோடு கடந்த தலைமுறை அது. 2007 யூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதைப் பார்த்த தலைமுறையும் அதுதான். அவர்களை இளையவர்களோடு இருத்திப் பேச வைக்க இப்போது பலர் முயல்கிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் அழுதுவிட்டுக் கலைகிறார்கள். அழுகையில் பிழையில்லை; ஆனால் வந்த பிள்ளைக்கு நாளை வாடகைக்கு அறை தேட வேண்டியிருக்கிறது.

சந்திப்பை இப்படி வையுங்கள்: இரண்டு மூத்தவர், ஆறேழு இளையவர், ஒன்றரை மணித்தியாலம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் மூத்தவர் மேடைப்பேச்சுக்குப் போய்விடுவார். ஒருவரை மட்டும் அழைத்தால் அவர் வாழ்ந்த வழியே ஒரே வழி என்றாகிவிடும். கல்யாணம் கட்டி ஒளித்து வாழ்ந்தவரும் வீட்டை விட்டு வெளியேறியவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பதினெட்டு வயதாகாதவர்களை இதில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் தேவை. பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்குங்கள். வத்தளை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் வீட்டில் 'கிளாஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்கள், இருட்டினால் கேள்வி வரும். ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் இருந்தாலே பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை அதோடு வாய் திறக்காது. தமிழில்தான் பேச்சு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

'உங்களுக்கு எப்போது தெரிந்தது?' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். வீட்டுக்காரரிடம் இருவருக்கும் என்ன உறவென்று சொன்னீர்கள், வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், ஆஸ்பத்திரிப் படிவத்தில் யாரை எழுதினீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளில்தான் சரக்கு வெளியே வரும்.

உதாரணத்துக்கு மரணசாதனம், அதாவது உயில். இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் அது எழுதப்படாவிட்டால் சொத்து சட்டப்படியான உறவினருக்குத்தான் போகும். துணைக்கு ஒரு சதமும் இல்லை. பத்திரங்களை உறுதிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருந்து ஒப்பமிட வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பலர் தம் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எழுதியவர் கண்ணை மூடியதும் அந்தத் தத்துவமும் செத்துவிடும். இதை இழந்து அறிந்தவர் வாயால் கேட்டால் இளையவர் மறக்கமாட்டார்.

மூத்தவர் சொல்வதெல்லாம் இன்றைக்குப் பொருந்தாது என்பதையும் பார்க்க வேண்டும். 'பத்திரத்தில் பெயர் மாற்ற வழியே இல்லை' என்பார்கள். 2016இலிருந்து வழி உண்டு: முதலில் மனநல மருத்துவர் தரும் பாலின அங்கீகாரச் சான்றிதழ், அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் திருத்தம், அதன் பிறகே அடையாள அட்டை. வரிசையை மாற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே சந்திப்பில் ஒரு சட்டத்தரணி மூலையில் இருந்து, பழையதாகிப்போன தகவலை முடிவில் மெதுவாகத் திருத்தட்டும். நடுவில் குறுக்கிட்டால் மூத்தவர் சுருங்கிவிடுவார்.

சந்திப்பை ஒலிப்பதிவு செய்வதென்றால், அதில்தான் ஆபத்து அதிகம். தன்பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியர் காலத்தில் வந்தவை. 1995 திருத்தத்தோடு பெண்களும் அதற்குள் வந்தார்கள். அவற்றைத் திருத்தும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதத்தில் உயர்நீதிமன்றம் தீர்மானித்தும், பிரிவுகள் நீங்கவில்லை. ஆகவே சம்மதத்தை இரண்டு தடவை வாங்குங்கள்: பேசுமுன் ஒன்று, ஒரு கிழமை கழித்துப் பதிவைக் கேட்க வைத்து இன்னொன்று. உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னதை வெட்டச் சொல்வது அந்த இரண்டாம் தடவையில்தான். பெயரை நீக்கினால் போதாது. 'வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கை, கீழே தையல் கடை' என்றாலே ஊருக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். குரலின் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கினால் அதைத் திருப்பவும் முடியும். எழுத்தாக்கி வேறொருவர் வாசிப்பதே பாதுகாப்பு. கைத்தொலைபேசியைப் பறப்பு நிலையில் போட்டு, மடித்த துவாயின் மேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். 'அழித்துவிடுங்கோ' என்று பதிவில் பேசிய அன்ரி ஒருநாள் கேட்டால், எத்தனை பிரதி எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும். அவர் பெயரை முதல் நாளே அன்ரியிடம் சொல்லி வையுங்கள்.