புஷ் குடும்பத்தின் 640 ஏக்கர்

நேயர்களுக்கு வணக்கம்.

1844-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலிருந்து மேற்குக் கரையோர ஆரிகன் பகுதியை நோக்கிக் கூண்டு வண்டிகள் புறப்படுகின்றன. சுமார் 2,000 மைல் தூரம், பல மாதப் பயணம். அந்தக் கூட்டத்தில் ஜார்ஜ் புஷ் என்ற உழவரும் இருந்தார். பிற்காலத்தில் அதே பெயரில் வந்த அதிபர்களுக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை. இவர் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். மனைவி இசபெல்லா வெள்ளையினப் பெண். 1831-இல் மணமாகி, ஐந்து ஆண் பிள்ளைகளோடு கிளம்பினார்கள்.

கையில் ஓரளவு பணம் இருந்த மனிதர் அவர். கூட வந்த ஏழைக் குடும்பங்களுக்கு உதவியும் செய்தார். அப்படியிருக்க, ஏன் கிளம்ப வேண்டும்? மிசௌரி அடிமை முறை நிலவிய மாநிலம். அடிமையாக இல்லாத கறுப்பினத்தவரையும் அங்கே நிம்மதியாக வாழ விடவில்லை.

உடன் பயணித்த ஜான் மின்டோ என்ற இளைஞர் பின்னாளில் தம் நினைவுகளை எழுதி வைத்தார். கறுப்பினத்தவரை ஆரிகனில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன், சுதந்திர மனிதனுக்குரிய உரிமை கிடைக்காவிட்டால் மெக்சிகோ அரசின் பாதுகாப்பைத் தேடிப் போய்விடுவேன் என்று புஷ் அவரிடம் சொன்னாராம். வழியில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இளைஞர்களுக்கு அவர் சொன்ன புத்தியையும் மின்டோ மறக்கவில்லை: கருங்குருவி அளவுக்கு எது கண்ணில் பட்டாலும் சுட்டுத் தின்னுங்கள். பாலைவெளியின் கடுமை தெரிந்தவர் பேச்சு அது.

அவர்கள் வழியில் இருந்தபோதே ஆரிகனின் தற்காலிக அரசு ஒரு சட்டம் போட்டுவிட்டது. கறுப்பினத்தவர் அங்கே குடியிருக்கக் கூடாது; மீறினால் 20-க்குக் குறையாமல், 39-க்கு மேற்படாமல் சாட்டையடி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வெளியேறும்வரை! அந்த ஆண்டு முடிவதற்குள் சாட்டையடியை மட்டும் நீக்கினார்கள், தடையை நீக்கவில்லை.

உடன் வந்த நண்பர் மைக்கேல் சிம்மன்ஸ் நினைத்திருந்தால் ஆரிகனின் செழிப்பான வில்லமெட் பள்ளத்தாக்கில் நிலம் பிடித்திருக்கலாம். அவரும் மற்றக் குடும்பங்களும் புஷ்ஷை விட்டுப் பிரியவில்லை. கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே அமெரிக்கச் சட்டத்தின் கை எட்டாது, அங்கே ஹட்சன் பே கம்பெனி என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் செல்வாக்கு. 1845-இல் பியூஜெட் சவுண்ட் கடற்கழியின் தென்கோடியில், இன்றைய டம்வாட்டர் ஊர் இருக்கும் இடத்தில் குடியேறினார்கள். அந்தக் கரையில் அமெரிக்கர்களின் முதல் நிலையான குடியிருப்பு அதுதான். புஷ் உழுத வெளி இன்றும் 'புஷ் பிரெய்ரி'. அங்கே எழுந்த மாவு ஆலைக்கும் மர அறுவை ஆலைக்கும் அவர் பணம் உதவியது.

அந்த மண் பூர்வகுடிகளான நிஸ்குவாலி மக்களின் தாய்நிலம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புஷ் பிள்ளைகள் அவர்கள் மொழியைப் பேசினார்கள். கடைசி மகனுக்கு லூயிஸ் நிஸ்குவாலி என்றே பெயர். ஆனால் 1854 டிசம்பரில், மெடிசின் கிரீக் ஒப்பந்தத்தின் வழியாக, அந்த மக்களின் நிலத்தில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் கைக்குப் போயிற்று.

1852-இல் புதிதாக வந்த குடியேறிகள் தானியம் இல்லாமல் தவித்தார்கள். வியாபாரிகள் நல்ல விலை தரத் தயாராக இருந்தும், புஷ் தம் விளைச்சலை வந்தவர்களுக்கே பகிர்ந்து கொடுத்தார். காசு இல்லாதவர்களிடம், முடிந்தபோது இதே அளவு திருப்பித் தாருங்கள் என்றார்.

ஊருக்குச் சோறு போட்ட அந்த நிலத்துக்கு அவரிடம் பட்டா கிடையாது. 1846-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் எல்லை வகுத்தபோது அந்தப் பகுதியும் அமெரிக்காவுக்கு வந்து, விட்டு ஓடிய சட்டமே பின்னால் துரத்தி வந்தது போல் ஆயிற்று. குடியேறிகளுக்கு இலவசமாக நிலம் தந்த 1850-இன் நிலக்கொடைச் சட்டத்திலும் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அண்டை அயலார் கோரிக்கை எழுப்பினார்கள். அந்தப் பகுதி அடங்கிய வாஷிங்டன் பிரதேசத்தின் சட்டமன்றம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு விண்ணப்பித்தது. 1855-இல் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி 640 ஏக்கரையும் அவர் குடும்பத்துக்கு உறுதி செய்தது.

இதை நெகிழ்ச்சியான வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நிலக்கொடைச் சட்டத்தின் விதி அப்படியே இருந்தது. இந்த ஒரு மனிதருக்கு மட்டும் விலக்கு. ஊரையே கடன்படுத்தும் அளவுக்குத் தானியம் கொடுக்க வழியில்லாத இன்னொரு கறுப்பின உழவருக்காக யார் மனு எழுதியிருப்பார்கள்? அயலாரின் அன்பில் குறையில்லை. உரிமையை அன்பின் பொறுப்பில் விட்ட அரசிடம்தான் குறை.

புஷ் 1863-இல் காலமானார். கடைசிவரை அவருக்கு வாக்குரிமை இல்லை. மூன்றாண்டுகள் கழித்து இசபெல்லாவும் மறைந்தார்.

மூத்த மகன் வில்லியம் ஓவன் புஷ், பன்னிரண்டு வயதில் அந்தக் கூண்டு வண்டியில் வந்தவர். அவர் விளைவித்த கோதுமை 1876-இல் பிலடெல்பியா உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றது. 1889-இல் வாஷிங்டன் தனி மாநிலமானபோது அதன் முதல் சட்டமன்றத்துக்கே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே வேளாண் கல்லூரி அமைக்க அவர் மசோதா கொண்டுவந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம்.

நன்றி, வணக்கம்.