எட்டு ஆண்டுகளை ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் காட்டிய படம்

(கணித ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' 1988-இல் வந்த அமெரிக்கப் படம். ரமோன் மெனெண்டெஸ் இயக்கியது. ஓர் ஆசிரியரைப் பற்றிய படங்களில் நான் மிகவும் மதிக்கும் படம். அதில் பாடம் நடக்கிறது என்பதுதான் முதல் காரணம். பெரும்பாலான பள்ளிக்கூடப் படங்களில் ஆசிரியர் உணர்ச்சியோடு பேசுவார், மாணவர்கள் அழுவார்கள், கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தப் படத்தில் கரும்பலகை தெரிகிறது. அதிலுள்ள கணக்கும் சரியான கணக்கு. நீங்கள் கணித ஆசிரியர்கள், ஆகவே அந்தக் கரும்பலகையிலிருந்தே தொடங்குகிறேன். பிறகு படம் காட்டாமல் விட்ட வேலைக்கு வருகிறேன். அதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

கதை நடக்கும் இடம் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளி. பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பத்தினர். ஆசிரியர் ஹைமே எஸ்கலாந்தே நிஜ மனிதர். 1930-இல் பொலிவியாவின் லா பாஸ் நகரில் பிறந்து, அங்கேயே இயற்பியலும் கணிதமும் கற்பித்தவர். 1960-களில் அமெரிக்காவில் குடியேறியபோது அவருடைய பொலிவியத் தகுதி செல்லுபடியாகவில்லை. உணவகத்தில் வேலை பார்த்தபடி ஆங்கிலத்தையும் பட்டத்தையும் முதலிலிருந்து படித்தார். 1974-இல் கார்ஃபீல்டில் சேர்ந்தார். அவராக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

படத்தில் ஒரு நாள் அவர் சமையல்காரர் உடையில், கையில் வெட்டுக்கத்தியோடு வகுப்புக்குள் வருகிறார். ஆப்பிள்களைத் துண்டு போட்டுக் கொடுத்து, உன்னிடம் இருப்பது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். உடையையும் கத்தியையும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது கேள்வி கேட்கும் வரிசை. பின்னம் என்ற சொல் பலகைக்கு வருவதற்கு முன்பே, கையில் இருக்கும் துண்டைப் பார்த்து மாணவன் வாய் திறந்து பேசியாக வேண்டும். இதை வகுப்பில் செய்து பார்ப்பவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. ஆசிரியரே மேசையில் வெட்டிக் காட்டிவிட்டு நேரே பலகைக்குப் போய்விடுவார். அப்போது பிள்ளைகளுக்கு அது வேடிக்கை மட்டும்தான். ஆப்பிள் கிடைக்காவிட்டால் பழைய செய்தித்தாள் போதும், ஆனால் மேசைக்கு ஒன்று வேண்டும்.

ஒன்பதாம் வாய்ப்பாட்டை விரலில் சொல்லும் வித்தையும் படத்தில் வருகிறது. இரு கைகளையும் விரித்துக்கொண்டு இடது ஓரத்திலிருந்து எண்ண வேண்டும். மூன்றாவது விரலை மடக்கினால் அதற்கு இடப்பக்கம் 2, வலப்பக்கம் 7, ஆகவே 27. ஏழாவதை மடக்கினால் 6, 3, ஆகவே 63. இது ஏன் வருகிறது என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். ஒன்பது மூன்று என்பது பத்து மூன்றில் மூன்று குறைவு. முப்பதிலிருந்து ஒரு பத்தை எடுத்து அதில் மூன்றைக் கழித்தால், இரண்டு பத்தும் ஏழு ஒன்றும் மிஞ்சும். மடக்கிய விரலுக்கு இந்தப் பக்கம் பத்துகள், அந்தப் பக்கம் ஒன்றுகள். இந்த விளக்கம் இல்லாமல் விரலை மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை 9 × 12 கேட்டதும் நின்றுவிடும்.

குறை எண்களுக்கு அவர் கடற்கரையை எடுத்துக்கொள்கிறார். குழி தோண்டினால் வெளியே குவிந்த மணல் கூட்டல், குழி கழித்தல். மணலைத் திரும்பக் கொட்டினால் பூஜ்யம். −2 உடன் 2 சேர்ந்தால் 0 என்பது இப்படி உடனே விளங்கிவிடுகிறது. பூஜ்யத்தைப் பற்றிப் பேசும்போது, உங்கள் முன்னோர்களான மாயர்கள் (மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பழங்குடியினர்) அதை அறிந்திருந்தார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்கிறார். உண்மைதான். பூஜ்யத்தை இந்தியாவோடு மட்டும் சேர்த்துச் சொல்லிப் பழகிய நாமும் நம் வகுப்பில் மாயர்களின் பெயரைச் சொல்லலாம்.

பிறகு குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் என்று வகுப்பு முழுவதையும் கோஷமாகச் சொல்ல வைத்து, இறுதியில் "ஏன்?" என்று கேட்கிறார். படம் அந்த இடத்தில் விடை சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. வகுப்பில் நாம் அப்படி விட முடியாது. 3 + (−3) பூஜ்யம். அதை −2 ஆல் பெருக்கினாலும் பூஜ்யம். பிரித்துப் பெருக்கினால் முதல் பகுதி −6. கூட்டுத்தொகை பூஜ்யமாக வேண்டுமானால் இரண்டாம் பகுதி 6 ஆக இருந்தே தீர வேண்டும். இரண்டாம் பகுதி என்பது (−2) × (−3). பலகையில் நான்கு வரிதான் ஆகும்.

அடுத்தது படத்தின் மிகச் சிறந்த கணக்கு. எக்ஸ் ஸ்கொயர் சைன் எக்ஸ் என்பதைத் தொகையிட வேண்டும். பகுதித் தொகையிடலை இரண்டு முறை செய்தால் வரும், ஆனால் நடுவில் பிள்ளைகள் வழி தவறிவிடுவார்கள். எஸ்கலாந்தே இரண்டு பத்திகள் போடுகிறார். இடப் பத்தியில் எக்ஸ் ஸ்கொயரை வைத்துக் கீழே கீழே வகையிட்டுக்கொண்டு போகிறார்: எக்ஸ் ஸ்கொயர், 2எக்ஸ், 2, 0. வலப் பத்தியில் சைன் எக்ஸை வைத்துத் தொகையிட்டுக்கொண்டு போகிறார்: சைன், மைனஸ் கொசைன், மைனஸ் சைன், கொசைன். இடப்பக்கத்து ஒவ்வொன்றையும் வலப்பக்கத்தில் ஒரு படி கீழே இருப்பதோடு சாய்வாகக் கோடு போட்டு இணைத்து, கூட்டல், கழித்தல், கூட்டல் என்று குறி போட்டால் விடை: மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் கொசைன் எக்ஸ், கூட்டல் 2எக்ஸ் சைன் எக்ஸ், கூட்டல் 2 கொசைன் எக்ஸ், கூட்டல் மாறிலி. நம் மேனிலை மாணவர்கள் பெர்னோலி சூத்திரம் என்று படிப்பது இதைத்தான். அதே சூத்திரத்தைக் கட்டம் போட்டு எழுதினால் பயம் போய்விடுகிறது.

பிழை வரும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். சைனைத் தொகையிடும்போது மைனஸை விடுவது முதல் பிழை. கட்டத்துக்குள் வந்த மைனஸையும் சாய்கோட்டுக்குப் போடும் மைனஸையும் ஒன்றென்று நினைத்து ஒரு தடவை மட்டும் எழுதுவது அதைவிட அதிகம். குறிகளை இடப்பக்க ஓரத்தில் தனியாக, முடிந்தால் வேறு நிற மையில் எழுதச் சொல்லுங்கள், பாதி பிழை குறையும். பத்திகளை மாற்றிப் போட்டு சைனை வகையிடத் தொடங்கினால் பூஜ்யம் வரவே வராது, கணக்கு நீண்டுகொண்டே போகும். அடுக்குக்குறிச் சார்பும் (eˣ) சைனும் பெருகி நிற்கும் கணக்கில் எந்தப் பக்கம் போட்டாலும் பூஜ்யம் வராது. அங்கே இரண்டு வரியோடு நிறுத்தி, மூன்றாம் வரியின் நேர்க்கோட்டுப் பெருக்கலைத் தொகையீடாகவே வைத்து, அது முதலில் கேட்ட தொகையீடே மைனஸ் குறியோடு திரும்பி வந்திருப்பது என்று காட்ட வேண்டும். அதை இடப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்து இரண்டால் வகுத்தால் விடை. வழி எங்கே செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் எல்லாக் கணக்கிலும் கட்டம் போடுவார்கள்.

கணக்குக்கு வெளியேயும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். ஏஞ்சல் என்ற மாணவன் தெருக் கும்பலோடு சுற்றுகிறவன். புத்தகத்தோடு தெருவில் நடந்தால் அவனுக்கு மரியாதை போய்விடும். அவன் எஸ்கலாந்தேயிடம் மூன்று செட் புத்தகம் கேட்கிறான்: வகுப்பில் ஒன்று, லாக்கரில் ஒன்று, வீட்டில் ஒன்று. ஆசிரியர் தருகிறார். கும்பலை விட்டு வா என்ற உபதேசம் எதுவும் இல்லை. பையன் படிக்கத் தடையாக இருப்பது புத்தகம் கையில் தெரிவதுதான் என்றால், அந்தத் தடையை மட்டும் எடுத்துவிட்டால் போதும். ஆசிரியரைப் பற்றிய எத்தனையோ வசனங்களைவிட இந்த மூன்று செட் புத்தகம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இதற்கு நேர்மாறாக, அனா என்ற மாணவியை அவளுடைய தந்தை உணவகத்தில் வேலை செய்ய நிறுத்திவிட, ஆசிரியர் பேசப் போகிற காட்சியில் பேச்சு தடித்துவிடுகிறது. தந்தையின் தொழிலைக் குறைத்துப் பேசினால் எந்த வீட்டிலும் கதவு மூடிக்கொள்ளும். வீடு தேடிப் போகிறவர்கள் அந்தக் காட்சியை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

இனி படத்தில் இல்லாதவற்றைப் பார்ப்போம். பெருக்கல் வாய்ப்பாடே தடுமாறும் பிள்ளைகள் ஏதோ ஓரிரு ஆண்டுகளில், ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரத்து நுண்கணிதத் தேர்வைப் பள்ளியிலேயே எழுதி வெல்வது போலப் படம் தோன்ற வைக்கிறது. படத்தில் பெரும்பகுதி உண்மை, கொஞ்சம் நாடகம் என்று சொன்ன எஸ்கலாந்தேவுக்கே இந்த ஒரு விஷயத்தில் மனக்குறை இருந்தது. நிஜத்தில் நடந்தது இதுதான். அவர் வந்தது 1974-இல். நுண்கணித வகுப்பின் முதல் அணி தேர்வு எழுதியது 1979-இல், எழுதியவர்கள் ஐந்தே பேர். 1981-இல் 15 பேர் எழுதி 14 பேர் தேறினார்கள். படம் காட்டும் 18 பேர் 1982-இல் எழுதியவர்கள். எட்டாவது ஆண்டு.

ஏன் அவ்வளவு காலம் ஆனது என்பதைக் கால அட்டவணையைப் பார்த்தால் புரியும். கார்ஃபீல்டில் அப்போது 10 முதல் 12 வரை மூன்று வகுப்புகள். நுண்கணிதத்துக்கு வந்து சேர முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், முக்கோணவியலோடு சேர்ந்த பகுப்பாய்வு, அதன் பிறகு நுண்கணிதம் என ஐந்து ஆண்டுப் பாடம். மூன்று ஆண்டில் ஐந்து ஆண்டுப் பாடம் அடங்காது. எத்தனை ஊக்கப் பேச்சு பேசினாலும் இந்தக் கணக்கு மாறாது. எஸ்கலாந்தேயும் 1981-இல் பொறுப்பேற்ற தலைமையாசிரியர் ஹென்றி கிராடியாஸும் இரண்டு பக்கமும் இடம் உண்டாக்கினார்கள். பிள்ளைகளை அனுப்பும் கீழ்ப்பள்ளிகளைப் பேசிச் சம்மதிக்க வைத்து, எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே இயற்கணிதம் தொடங்க வைத்தார்கள். பக்கத்தில் இருந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியில் கோடை விடுமுறையில் ஏழு வாரத் தீவிர வகுப்பு நடத்தி, ஓர் ஆண்டுப் பாடத்தை அங்கே முடித்தார்கள். பள்ளிக்குள் அடிப்படைக் கணக்கு என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக ஒரே கூட்டல் கழித்தலைச் செய்துகொண்டிருந்த வகுப்புகளைக் குறைத்து, அந்தப் பீரியடுகளை இயற்கணிதத்துக்குத் தந்தார்கள்.

படத்தில் எஸ்கலாந்தே தனி ஆளாகத் தெரிகிறார். நிஜத்தில் பென் ஹிமெனெஸ் என்ற சக ஆசிரியர் கூடவே நின்று நுண்கணிதம் கற்பித்தார். அவர் பெயரையும் நாம் சொல்ல வேண்டும். கிராடியாஸுக்கு முன்பு இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். சீக்கிரம் வருகிறார், தாமதமாகப் போகிறார், பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்துக்கு அனுமதியில்லாமல் பணம் திரட்டுகிறார் என்று எஸ்கலாந்தேவை வேலையை விட்டே நீக்கப்போவதாக மிரட்டியது பள்ளி நிர்வாகம். வகுப்பு வாசலில் ஒரு வீட்டுப்பாடக் கேள்விக்கு விடை சொன்னால்தான் உள்ளே விடுவார் என்பதற்கும் கண்டனம் வந்தது. இந்த வாசல் கேள்வி நல்ல வழக்கம். ஆனால் கேள்வி அரை நிமிடத்தில் விடை சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். தவறாகச் சொன்னவன் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வர வேண்டுமே தவிர, வெளியே நிற்கக் கூடாது.

1982-இல் 18 பேரும் தேறினார்கள். 14 பேரின் விடைத்தாள்களில் தேர்வு நடத்திய எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் சந்தேகப்பட்டது. ஆறாவது கேள்வியில் ஒரே மாதிரியான தவறு வந்திருந்தது காரணம். மறுதேர்வு எழுத 12 பேர் சம்மதித்தார்கள், 12 பேரும் தேறினார்கள். படத்தின் உச்சக்கட்டம் இதுதான். அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை, பார்த்தால் மனம் நெகிழும். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி அடுத்த ஆண்டில் இருக்கிறது. 1983-இல் 33 பேர் எழுதி 30 பேர் தேறினார்கள். 1987-இல் ஏ.பி. நுண்கணிதத்தின் முதல் நிலைத் தேர்வில் 73 பேரும் உயர் நிலைத் தேர்வில் 12 பேரும் தேறினார்கள். எந்தப் பத்திரிகைப் பரபரப்பும் இல்லாமல், கீழ் வகுப்பிலிருந்து ஏறி வந்த பிள்ளைகள் இவர்கள்.

எஸ்கலாந்தே பிள்ளைகளைக் கிண்டல் செய்வார், பட்டப்பெயர் வைப்பார். படத்தைப் பார்த்துவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். அவருடைய கிண்டலைப் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டது, பள்ளி திறக்கும் முன்பும் மூடிய பின்பும் அவர் அவர்களோடு உட்கார்ந்திருந்ததால்தான். அந்த மணி நேரங்களைக் கொடுக்காதவருக்குக் கிண்டல் செய்யும் உரிமை இல்லை.

கிராடியாஸ் 1987-இல் போனார். வகுப்பு அளவு பெரிய சச்சரவாயிற்று. ஆசிரியர் சங்க ஒப்பந்தப்படி உச்ச அளவு 35, எஸ்கலாந்தேயின் வகுப்புகளில் 50-க்கும் மேல் உட்கார்ந்தார்கள். 1991-இல் அவரும் கார்ஃபீல்டை விட்டு சாக்ரமெண்டோவில் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார், ஹிமெனெஸும் விலகினார். சில ஆண்டுகளில் கார்ஃபீல்டில் நுண்கணிதம் தேறியவர் எண்ணிக்கை 80 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. பிள்ளைகள் மாறிவிடவில்லை, அதே தெருக்களிலிருந்துதான் வந்தார்கள். கோடை வகுப்பையும் கீழ்ப்பள்ளி இணைப்பையும் கையில் வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள்.

ஆகவே உங்கள் பள்ளியில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் ஆண்டிலேயே இரண்டாவது ஆசிரியர் ஒருவரை அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் வாரம் இரண்டு பீரியடாவது உட்கார வையுங்கள். வாராந்தரத் தேர்வின் வினாத்தாளை இருவரும் மாற்றி மாற்றித் தயாரிக்கட்டும். எந்தக் கணக்கில் எத்தனை பேர் எந்த வரியில் தவறினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நோட்டு ஆசிரியரின் பையில் போகாமல் பள்ளியின் அலமாரியில் இருக்கட்டும். பிள்ளைகள் எந்த நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வருகிறார்களோ அங்கேயுள்ள கணித ஆசிரியர்களை ஜூன் மாதத்திலேயே ஒரு நாள் அழைத்து, ஆறாம் வகுப்புப் பின்னமும் எட்டாம் வகுப்பு இயற்கணிதமும் எந்த அளவில் வந்து சேர வேண்டும் என்று உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.