கடைசி அறையிலிருந்து தொடங்குவோம்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையில் ஒரு நோயாளி கட்டிலருகே உள்ள பொத்தானை அழுத்துகிறார். அந்த அழைப்பு நர்ஸின் சட்டைப்பையில் இருக்கும் கம்பியில்லாத் தொலைபேசியில் மணியாக அடிக்க வேண்டும். நர்ஸ் அந்த நேரம் படுக்கை விரிப்பு எடுக்கத் துணி அறைக்குப் போயிருக்கிறார். அங்கே சிக்னல் இல்லை. மணி அடிக்கவேயில்லை. அழைப்பு வந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது.

இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். கட்டடத்துக்குள் பேஸ் ஸ்டேஷனை, அதாவது இந்தப் போன்களோடு அலை வழியே பேசும் பெட்டியை, எங்கே மாட்டுவது என்று இடம் பார்க்கும் வேலை. ஜெர்மனியில் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்.

அங்கே மருத்துவமனைகளில் டெக்ட் (DECT) என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையில் இயங்கும் போன்கள் நிறைய உண்டு. ஐரோப்பாவில் இதற்கென்று 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அலை கிளம்பும் கணத்தில் அதன் திறன் 250 மில்லிவாட். ஆனால் நேரத்தை 24 கூறாகப் பிரித்து, ஒரு அழைப்பில் ஹேண்ட்செட் ஒரு கூறில் மட்டும் அனுப்புகிறது. அதனால் சராசரி 10 மில்லிவாட் அளவுதான்.

இந்த டெக்டுக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு; அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும் மிடாஸ் நிறுவனமும் சேர்ந்து, இதே டெக்டை வைத்துக் கார்டெக்ட் என்ற முறையை உருவாக்கினார்கள். வீடுவீடாகச் செம்புக் கம்பி இழுக்காமல் தொலைபேசி கொடுக்கும் முறை அது. கூரையில் ஆன்டெனா வைத்து, இடையில் மறைப்பு ஏதும் இல்லையென்றால் 10 கிலோமீட்டர் வரை எட்டியது. அதே வகை அலை, மருத்துவமனையில் ஒரு லிஃப்ட் கூண்டைத் தாண்ட முடியாமல் திணறுகிறது.

கட்டடத்துக்குள் கணக்கைத் தீர்மானிப்பது சுவர்தான். ஜிப்சம் பலகைத் தடுப்பு சுமார் 3 டெசிபல் தின்னும். அதாவது சிக்னலில் பாதி போய்விடும். கம்பி கட்டிய காங்கிரீட் சுவர் 10 டெசிபலுக்கு மேலும் தின்னும். பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படி இரண்டு சுவர் என்றால் நூறில் ஒரு பங்கு. எக்ஸ்ரே அறையின் சுவரில் ஈயத் தகடு பதித்திருப்பார்கள். அதற்குள் போன் அடிக்க வேண்டுமென்றால் உள்ளேயே ஒரு பேஸ் ஸ்டேஷன் வைப்பதைத் தவிர வழியில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் கட்டட வரைபடத்தை மேசையில் விரித்து, காம்பஸால் வட்டம் போட்டவன். வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டால் வேலை முடிந்தது என்று நம்பினேன். வட்டத்தின் நடுப்புள்ளிகள் எல்லாம் தாழ்வாரத்தில் விழுந்தன. கேபிளும் அங்கேதான் இருந்தது. எல்லாருக்கும் வசதி. ஒரு மாதம் கழித்து ஒரு மூத்த நர்ஸ் என்னைக் கையோடு அழைத்துப்போய்த் துணி அறையில் நிறுத்தி, போனை என் கையில் கொடுத்தார். காங்கிரீட் சுவர், அதற்கு இந்தப் பக்கம் இரும்பு அலமாரிகள். திரையில் ஒரு கோடுகூட இல்லை.

அன்றிலிருந்து நான் கடைசி அறையில்தான் தொடங்குகிறேன். சோதனைப் பேஸ் ஸ்டேஷனை ஒரு கம்பத்தில் ஏற்றி, கட்டடத்தின் மிக மோசமான மூலையில் நிறுத்துவேன். கையில் ஹேண்ட்செட்டோடு அங்கிருந்து நடப்பேன். திரையில் சிக்னல் வலிமை மைனஸ் 70 டிபிஎம் என்று இறங்கியதும் நின்று தரையில் குறி போடுவேன். டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; மைனஸுக்குப் பின்னால் எண் கூடக்கூடச் சிக்னல் பலவீனம். அலைக்குப் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. மூலையில் இருந்து இந்த இடத்துக்கு எட்டுகிறது என்றால், இங்கே மாட்டும் பேஸ் ஸ்டேஷன் அந்த மூலையையும் எட்டும். அப்படிக் குறித்த எல்லைக்குள்தான் நிலையான இடம் தேடுவேன். பிறகு அடுத்த மூலை.

நடக்கும்போது போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தப்பு. நர்ஸ் போனை இடுப்புப் பையில் வைத்திருப்பார், உடம்பு குறுக்கே நிற்கும். அங்கேயே வைத்து அளக்க வேண்டும். அலைநீளம் 16 சென்டிமீட்டர்தான். ஒரு கையகலம் நகர்ந்தாலே எண் மாறும். அதனால் ஒரே புள்ளியில் கிடைத்த நல்ல எண்ணை நம்பாமல், ஒவ்வொரு இடத்திலும் இரண்டடி முன்னும் பின்னும் போய்ப் பார்ப்பேன்.

இரண்டு பேஸ் ஸ்டேஷன்களின் எல்லைகள் தொட்டால் மட்டும் போதாது, நன்றாக ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அவசரத்தில் ஓடும் மருத்துவர் நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் கடப்பார். அதற்குள் போன் அடுத்த நிலையத்தைக் கண்டுபிடித்து மாற வேண்டும். நேரக் கூறுகள் பிசகாமலிருக்க நிலையங்களும் ஒன்றின் அலையை ஒன்று கேட்டு ஒத்திசைகின்றன. தனியாக ஒதுங்கிய ஒன்று அந்தச் சங்கிலியிலிருந்து விழுந்துவிடும்.

கட்டில், அலமாரி, கருவிகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு இன்னொரு முறை நடந்து அளப்பேன். காலிக் கட்டடத்தில் எடுத்த எண் அப்போது நிற்காது.

அந்தத் துணி அறையின் கதவுக்கு எதிரே ஒரு பேஸ் ஸ்டேஷன் மாட்டினோம். 40 மீட்டர் கேபிள் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது. மாட்டிய அன்று அந்த நர்ஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தாழ்வாரக் கோடியிலிருந்து அவருடைய எண்ணை அழைத்தேன். கதவுக்குப் பின்னால் மணி அடித்தது.