பூஞ்சைக்கு இரண்டு உருவம்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் பேசி என் சுமையில் பாதியை இறக்கிவைத்த பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆய்வக நுட்புநர்களே! இந்தப் பேச்சு உங்களுக்காகத்தான்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நோய் தரும் பூஞ்சை எதைத் தின்கிறது, எந்த உருவில் வளர்கிறது, மருந்தை எப்படி எதிர்க்கிறது.

பூஞ்சைக்குப் பச்சையமும் கிடையாது, வாயும் கிடையாது. நொதிகளை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சுகிறது. அந்தப் பசிக்கு ஆய்வகத்தில் சமைத்த சாப்பாடுதான் சபுரோ அகார் என்ற வளர்ப்பு ஊடகம். லிட்டருக்குக் குளுக்கோஸ் 40 கிராம், பெப்டோன் என்ற புரதச் சத்து 10 கிராம், அகார் 15 கிராம், பிஎச் 5.6. இது எல்லாப் பூஞ்சைக்கும் போதாது. தோலில் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்குக் கொழுப்பு வேண்டும். மேலே ஆலிவ் எண்ணெய் பரப்பாவிட்டால் அதன் பெரும்பாலான இனங்கள் வளராது. படர்தாமரை தரும் ட்ரைக்கோஃபைட்டான் வெருக்கோசம் தயமின் என்ற வைட்டமின் கேட்கும். 25 டிகிரியை விட 37 டிகிரியில் நன்றாக வளரும்.

வேண்டாத பூஞ்சைகளை அடக்க ஊடகத்தில் சைக்ளோஹெக்சிமைடு சேர்க்கிறோம். அதே மருந்து நோய் தரும் கிரிப்டோகாக்கஸையும் ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் பலவற்றையும் அடக்கிவிடும். அந்த ஒரு குழாயை மட்டும் பார்த்துவிட்டு "வளர்ச்சி இல்லை" என்று எழுதினால் நோயாளிக்கு அநியாயம் செய்கிறோம். மருந்து சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று என எப்போதும் இரண்டு குழாய் வையுங்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

உருவத்துக்கு வருவோம். 1905-ஆம் ஆண்டு. பனாமாக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர் ஒரு தொழிலாளியின் உடலைப் பிணக்கூறாய்வு செய்கிறார். நுரையீரல் முழுக்கச் சிறு முடிச்சுகள், பார்த்தால் காசநோய். நுண்ணோக்கியில் வைத்தால் காசநோய்க் கிருமி இல்லை. திசு அணுக்களுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள், சுற்றிலும் வெளிறிய வளையம். காலா அசார் என்ற கருங்காய்ச்சலின் கிருமியைப் போன்ற ஒட்டுண்ணி என்று முடிவு செய்தார். வளையத்தை உறை என்று எண்ணி, உறையுள்ளது என்ற பொருளில் 'ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம்' என்றும் பெயர் வைத்தார். அது ஒட்டுண்ணியும் இல்லை, அதற்கு உறையும் இல்லை! 1912-இல் ரோச்சா லிமா என்ற ஆய்வாளர், இது ஈஸ்ட்டைப் போலிருக்கிறதே என்றார். 1934-இல் டிமான்பிரூன் என்பவர் அதை வளர்த்தே காட்டினார். அறை வெப்பத்தில் பஞ்சுபோன்ற இழைகள். 37 டிகிரியில் ஈஸ்ட். ஒரே உயிர், இரண்டு உருவம்! கூர்மையான கண்தான் டார்லிங்குடையது. வளர்த்துப் பார்க்காததால் அந்தக் கண்ணும் ஏமாந்தது. தீர விசாரிக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

உருவம் மாறும் இன்னொரு பூஞ்சை கேண்டிடா அல்பிகன்ஸ். இனத்தை அடையாளம் காண அதை 0.5 மில்லி சீரத்தில், அதாவது இரத்தத் தெளிநீரில், இட்டு 37 டிகிரியில் வையுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்தில் முளைக்குழாய் விடும். அடியில் இடுக்கம் இருக்காது. பூஞ்சையை அளவுக்கு மீறி அள்ளிப் போட்டால் முளை வராது. நேரம் தாண்டினால் மற்ற இனங்களின் போலி இழைகள் குழப்பும்.

மருந்து எதிர்ப்பைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலின் 19 பூஞ்சைகளில், பல மருந்துகளுக்கு அடங்காத கேண்டிடா ஆரிஸ் மிக உயர்ந்த பிரிவில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதி நேரத்தை, போகும் மேடையெல்லாம் நான் கேட்டுவரும் கோரிக்கைக்குத் தாருங்கள்.

அறுவை அரங்கில் எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போடாதீர்கள்! ஃபார்மலினில் பூஞ்சை செத்துவிடும். பிறகு எந்த ஊடகத்தில் இட்டும் பயனில்லை. ஒரு துண்டு ஃபார்மலினுக்கு, இன்னொன்று கிருமி நீக்கிய உப்புநீரில் வளர்ப்புக்கு. நுட்புநர்களே, கருப்புப் பூஞ்சை என்று பேசப்படும் மியூக்கர் என்ற சந்தேகம் இருந்தால் திசுவை அரைக்காதீர்கள். குறுக்குச்சுவர் அரிதான இழை அது. நசுங்கினால் உயிர் போய்விடும். சிறு துண்டுகளாக நறுக்கி ஊடகத்தில் பதியுங்கள். மருத்துவர்களே, ஹிஸ்டோபிளாஸ்மா சந்தேகம் என்றால் கோரிக்கைப் படிவத்தில் அதை எழுதுங்கள். இழை வடிவின் வித்துகள் காற்றில் பறக்கும். தட்டைத் திறப்பவர் அதைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத் திறக்க வேண்டும்.